பலன் தெரியாத ஊழியத்தில் நிலைத்திருப்பது: தொண்டிக் கரையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கிராமத்தில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் தங்கி ஊழியம் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவர் எழுதியதன் சுருக்கம்: வந்து ஆறு ஆண்டுகளாகியும் ஞாயிறு ஆராதனைக்கு வருவது நான்கு வீட்டார்தான், அனுப்பிய சபை மாதாந்தரத் தாங்குதலைப் பாதியாகக் குறைத்துவிட்டது, மனைவிக்கு ஓராண்டாக உடல்நலம் சரியில்லை, ஊர் திரும்பினால், கலப்பையில் கைவைத்துவிட்டுப் பின்னிட்டுப் பார்த்தவன் என்ற பெயர் வரும். "தேவனை நம்புகிறவன் கணக்குப் பார்க்கலாமா ஐயா? நிலைத்திருப்பது என்றால் இங்கேயே இருப்பதுதானா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தம்பி, இரண்டு கேள்விக்கும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்க்கலாம், பார்த்தே ஆகவேண்டும். நிலைத்திருப்பதற்கும் ஓரிடத்திலேயே இருந்துகொண்டிருப்பதற்கும் உறவு உண்டு என்றாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. தேவன் எதற்கு வாக்குக் கொடுத்தார், நாமாக எதை அந்த வாக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டோம் என்று பிரித்துப் பார்க்காதவரை, ஊழியத்தில் வரும் சோர்வுக்கும் பிடிவாதத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மிஷனெரிக் கூட்டங்களின் மேடைகளில் இந்தப் பிரித்தல் பெரும்பாலும் நடப்பதில்லை. அங்கே எல்லாக் கதைகளும் "அவர் விடவில்லை, கர்த்தரும் கைவிடவில்லை" என்று முடிந்துவிடுகின்றன. நீங்கள் குடியிருக்கும் இந்தக் கரையிலேயே நடந்த வரலாற்றை அப்படிச் சுருக்க முடியாது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன், கைதியாக ரோமாபுரிக்குப் போன பவுலின் கப்பற்பயணத்தை நினைவுபடுத்துகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை நம் கரையில் படிப்பதற்கும் உள்நாட்டில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. கப்பற்காரர்கள் விழுதுவிட்டு ஆழம் பார்த்து இருபது பாகம், பிறகு பதினைந்து பாகம் என்று கண்டதும், பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுப் பொழுது விடியக் காத்திருந்ததும் கடலுக்குப் போகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத செய்திகள். புயலில் சிக்கிய அந்தக் கப்பலில் 276 பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது, கப்பலுக்கு மட்டுமே சேதம் என்று பவுலுக்குத் தேவதூதன் மூலம் தெரிவிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் அவர் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டியதுதானே? அவர் அப்படிச் செய்யவில்லை. கப்பலாட்கள், முன்னணியத்தில் நங்கூரம் போடுகிற பாவனையில் சிறுபடகை இறக்கி நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னவர் அவர்தான். தொழில் தெரிந்தவர்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும், ஒருவரும் சாகமாட்டார்கள் என்ற வாக்கை நம்புவதற்கும் இடையில் அவருக்கு எந்த முரண்பாடும் தோன்றவில்லை. பதினான்கு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிட வைத்தார். மிச்சக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். கடைசியில் கப்பல் உடைந்தது, ஆட்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரையேறினார்கள்.

உயிர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் கப்பலுக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் கட்டிய ஜெபக்கூடம், நாம் போட்ட ஐந்தாண்டுத் திட்டம், நம் பெயரில் வரும் அறிக்கை எல்லாம் கப்பல். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று முறை கப்பற்சேதத்தில் இருந்தேன், ஓர் இரவும் ஒரு பகலும் கடலில் கிடந்தேன் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் சொல்கிறார். அந்த நிருபம் ரோமாபுரிப் பயணத்துக்கு முந்தியது. அப்படியானால் இந்தப் பயணத்தில் மெலித்தா (மால்டா) தீவில் நடந்தது குறைந்தது நான்காவது சேதம். கடலை அறிந்தவர், அதன் கோபத்தையும் அறிந்தவர், கிரேத்தாவிலேயே "இப்போது புறப்படக் கூடாது" என்று எச்சரித்தவர் அவர். புறப்படாதிருப்பதும் சில நேரம் விசுவாசத்தின் பேச்சுத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி நம் கரைக்கு வருவோம். மண்டபத்துக்குச் சற்று மேற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டியிருக்கும் வேதாளையைப் பேருந்தில் கடந்திருப்பீர்கள். 1549இல் அங்கே அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று எண்ணப்படுகிறவர் அவர். வயது முப்பதைத் தொடவில்லை. முத்துக்குளித்துறையின் பரதவர் 1530களில் கிறிஸ்தவர்களானபின், 1542இல் வந்த பிரான்சிஸ் சேவியர் அந்தக் கரையில் தொடங்கிய பணியை இவர் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து வந்த தெலுங்கு வீரர்களான வடுகர் படை தாக்கியபோது போர்ச்சுக்கீசியர் படகுகளுக்கு ஓடினார்கள். கிரிமினாலியையும் ஏறச் சொல்லி அழைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் இன்னும் கரையில் இருந்ததால் அவர் ஏறவில்லை. அவர்களைப் படகேற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்குப் படகில்லை.

இதைப் பிரசங்கத்தில் சொன்னால் சபை கண்கலங்கும். ஆனால் அந்தப் படை ஏன் வந்தது என்று சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை. வேதாளையில் சிறு கோட்டை வைத்திருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி, இராமேசுவரத்துக்குப் போகும் யாத்ரீகர்களின் வழியை மறித்துச் சுங்கம் கேட்டார். இராமநாதசுவாமியைத் தரிசிக்க எங்கிருந்தோ நடந்து வந்தவர்களிடம் கடலோரத்தில் ஓர் அந்நியன் காசு பிடுங்குவது எப்படிப்பட்ட கோபத்தைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை. பணம் கேட்டவர்கள் படகேறிவிட்டார்கள். பணம் கேட்காத குருவும் கரையோர மக்களும் அடியை வாங்கினார்கள். கிரிமினாலியின் நிலைத்திருத்தலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அவர் நின்ற நிழல் யாருடையது என்பதை மறைத்துவிட்டு, எதிர்ப்பு வந்தாலே அது சாத்தானின் வேலை என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஊரில் உங்களை ஏற்காதவர்கள் இருந்தால், முதலில் அவர்களுக்கு நியாயமான மனக்குறை ஏதும் உண்டா என்று விசாரியுங்கள். உங்களுக்கு முன் வந்தவர்கள் யாரிடமாவது கடன்பட்டார்களா, வாக்குக் கொடுத்து நிறைவேற்றாமல் போனார்களா, ஊர்த் திருவிழாவைப் பழித்துப் பேசினார்களா என்று படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளிடமும் ஊர்த் தலைவரிடமும் கேளுங்கள். பல நேரங்களில் நம் "பாடுகளில்" பாதி, நமக்கு முன் போனவர்கள் விட்டுச்சென்ற பாக்கியாக இருக்கும்.

கிரிமினாலி ஏன் நின்றார் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் நின்றது கோட்டைக்காகவோ கோவிலுக்காகவோ ஏதோ ஒரு சபதத்துக்காகவோ இல்லை. அவர் போய்விட்டால் அந்த நிமிடத்தில் சாகக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருவர் தங்க வேண்டுமா, விலக வேண்டுமா என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பக் கேட்பது இதைத்தான்: நீங்கள் போனால் யாருக்கு நட்டம், எவ்வளவு நட்டம்? உங்கள் பெயருக்கு வரும் நட்டத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த என்றீக்கே என்றீக்கசைப் பற்றி நம் சபைகளில் யாரும் பேசுவதில்லை. அண்ட்ரிக் அடிகளார் என்று கத்தோலிக்கர் சிலர் அறிவார்கள். 1520இல் பிறந்து 1600இல் இறந்தவர். யூத வம்சாவளியினர் என்பதற்காகத் தாய்நாட்டில் ஒரு துறவற சபையிலிருந்து முன்பே நீக்கப்பட்டவர். இந்தக் கரையில் ஐம்பது ஆண்டுக்கும் மேல் இருந்தார். சேவியர் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் தங்காமல் மலாக்கா, ஜப்பான் என்று போனவர். அவருடைய அழைப்பு அது. இவருடையது உட்கார்ந்து தமிழ் கற்பது. உடம்பு பலவீனத்தோடேயே இலக்கணக் குறிப்புகள் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற பதினாறு பக்கச் சிறுநூல் அவருடைய பணி. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவர்கள். கிரிமினாலியின் ஒரு நாளைச் சித்திரமாக வரையலாம். இவருடைய ஐம்பது ஆண்டுகளை எப்படி வரைவது? என்னைக் கேட்டால், நிலைத்திருத்தலுக்கு இந்தக் கரை தந்த பெரிய உதாரணம் இவர்தான். காலையில் எழுந்து வினைத்திரிபுகளைச் சரிபார்ப்பதற்கு, ஈட்டிக்கு முன் நிற்பதற்கு வேண்டியதைவிடக் குறைந்த விசுவாசம் போதும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து, உங்கள் கிராமத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓரியூர். செம்மணலை முடிந்துகொண்டு போகும் யாத்ரீகர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாம் சீர்திருத்தச் சபையார் என்பதால் அருளானந்தரின் வாழ்க்கையிலிருந்து கற்பதற்கு ஏதுமில்லை என்று ஆகிவிடாது. அருளானந்தர் என்று இங்கே அழைக்கப்படும் ஜான் தெ பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். சிறுவயதில் போர்ச்சுக்கல் இளவரசர் பேதுருவோடு அரண்மனையில் வளர்ந்தவர். மதுரை மிஷனில் பண்டார சுவாமியாக, அதாவது இந்நாட்டுத் துறவியைப்போல உடுத்து, மரக்கறி உணவோடு ஊர் ஊராக நடந்தார். 1686இல் மறவர் நாட்டில் அவரும் அவருக்கு உதவிய உள்ளூர் உபதேசியார்களும் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார்கள். இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்.

இந்த இடத்தில் நம் மேடைக் கதைகள் ஒரு பெரிய தாவல் தாவி 1693க்குப் போய்விடும். இடையில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. விடுதலையான பிரிட்டோ கட்டளையை மீறி உடனே திரும்பவில்லை. அவருடைய சபைத் தலைமை 1687இல் அவரை மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது, அவர் போனார். மறவர் நாட்டுக் கிறிஸ்தவர்களை விட்டு ஓடிவிட்டான் என்று யாராவது பேசியிருந்தால் அதற்கு அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? லிஸ்பனில் பழைய தோழர் இப்போது அரசராக இருந்து, அங்கேயே தங்கச் சொன்னார். உடம்பும் தேறியிருந்தது, மரியாதையும் கிடைத்தது. அவர் மறுத்து, 1690இல் மீண்டும் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். போனதும் கீழ்ப்படிதலில் நடந்தது, வந்ததும் கீழ்ப்படிதலில் நடந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை அவருடைய ஊழியத்திலிருந்து கழித்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததே. தீராத நோயிலிருந்த தடியத்தேவர் என்ற அரச குடும்பத்தவர், உபதேசியார் ஒருவரின் ஜெபத்தால் தேறி, 1693 ஜனவரி 6 அன்று ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண்; காதலி என்பது அவர் பெயர். அவர் அரசரிடம் முறையிட, இரண்டே நாளில் பிரிட்டோ கைதானார். இராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலவரம் வரும் என்று ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டது. மை கிடைக்காமல் கரித்தூளைக் கரைத்து எழுதியதாகச் சொல்லப்படும் அவருடைய கடைசிக் கடிதத்தில் அச்சமோ புலம்பலோ இல்லை. 1947இல் ரோமச் சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இரண்டு செய்திகளை இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலக்கப்பட்ட பெண்களைப் பற்றி எந்தப் பிரசங்கமும் கவலைப்படுவதில்லை. காதலி என்றாலே, யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கவைத்த ஏரோதியாளின் இன்னொரு பதிப்பு என்பதுபோல் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மறவர் அரண்மனையில் கணவன் விலக்கிய இளம்பெண்ணின் நிலை என்னவாகும் என்று யோசித்தால் அவருடைய கோபம் புரியும். ஊழியர் சரியென்று கண்ட போதனை வேறொருவர் வீட்டில் என்ன விலையாக இறங்குகிறது என்று பார்ப்பதும் ஊழியத்தின் பகுதிதான். மற்றது, உபதேசியார்கள். தடியத்தேவரின் வீட்டுக்குள் முதலில் போனவர் ஓர் உள்ளூர் உபதேசியார். 1686இல் அடிபட்டவர்களும் அவர்களே. குருவுக்கு ஐரோப்பா என்றொரு இடம் இருந்தது. அவர்களுக்கு இதே கரைதான் இருந்தது. பிரிட்டோ இல்லாத ஆண்டுகளில் மறவர் நாட்டுச் சபைகள் அழிந்துவிடவில்லை என்றால், அதற்கான மனிதக் காரணம் அவர்கள். தம்பி, உங்கள் நான்கு வீட்டாரில் ஒருவராவது நீங்கள் இல்லாத ஞாயிறன்று வேதத்தைத் திறந்து வாசித்து ஜெபிக்கக்கூடியவராக இருக்கிறாரா? கடிதத்தில் அந்த விவரம் இல்லை. தலைகளின் எண்ணிக்கையைவிட எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

கணக்கைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். "விசுவாச ஊழியம்" என்ற பெயரில் வரவு செலவு எழுதாமல் இருப்பதை ஆவிக்குரிய மேன்மையாக நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னோடியாக எல்லாரும் காட்டும் பிரிஸ்டல் ஜார்ஜ் முல்லர், 1836இல் அனாதை இல்லம் தொடங்கியதிலிருந்து மனிதரிடம் கைநீட்டுவதில்லை என்று இருந்தவர். அதே முல்லர்தான் வந்த காணிக்கை ஒவ்வொன்றையும் எழுதிவைத்து ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டவர். கேட்காமலிருந்தது தேவன்மேல் வைத்த நம்பிக்கை. எழுதிவைத்தது கொடுத்தவர்களுக்குக் காட்டிய நேர்மை. முதலாவதை மட்டும் பின்பற்றுவது எளிது. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியதும் நினைவில் இருக்கட்டும். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை மிஷனுக்கென்று எடுத்துவைக்கும் தாய்மார்கள் நம் சபைகளில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த அரிசியை உண்கிறவருக்கு, எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று சொல்லக் கடமை உண்டு. பற்றாக்குறை என்றால் பற்றாக்குறை என்று சொல்லவும் உரிமை உண்டு. தாங்குதல் பாதியானதை நீங்கள் ஜெபக்குறிப்பாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக் கட்டணம் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தொகையோடு எழுதுங்கள். சபைக் கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்ல, விவரம் தெரியாதவர்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலைப்போல நீங்களும் ஏதாவது தொழில் செய்ய நேர்ந்தால் அதில் இழிவு ஏதும் இல்லை. தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது, அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தாங்குதலுக்குப் பிறகு. அந்த வரிசையே எனக்கு வருத்தம் தந்தது. தோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூட விடுப்பில் தாய்நாடு போகவில்லை என்று மேடையில் சொல்லும்போது, அதே மூச்சில் சொல்லவேண்டிய இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். 1931இல் விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது ஆண்டுகளை அவர் பெரும்பாலும் ஓர் அறையில், படுக்கையில் கழித்தார். பிள்ளைகளைப் பார்த்தது, சமையலறையை நடத்தியது, மருத்துவமனையைக் கவனித்தது எல்லாம் உடனிருந்த பெண்கள். அவரைத் தாங்க ஒரு குடும்பமே சுற்றி இருந்தது. கடற்கரையோர வாடகை வீட்டில், உப்புக்கரிக்கும் அடிபம்புத் தண்ணீரோடு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பும் ஒரு பெண்ணிடம் "ஏமி அம்மாளைப் பாருங்கள்" என்று சொல்வது அநியாயம். பவுலும் தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். அவன் விசுவாசக் குறைவால் படுத்தான் என்று எழுதவில்லை. நோயோடு அவனை இழுத்துக்கொண்டு வரவும் இல்லை.

பலனைப் பற்றி. நீங்கள் நான்கு வீட்டார் என்று எண்ணியதை நான் திருத்தப்போவதில்லை. ஆறாண்டுக்கு அது குறைவுதான். பாம்பன் பக்கம் வெகுகாலம் இருந்த ஓர் ஊழியரின் வீட்டில் நான் கண்ட ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மளிகைக் கடைக் கணக்கு நோட்டு; அட்டை ஈரத்தில் உப்பியிருந்தது. ஞானஸ்நானப் பதிவாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே படகின் பதிவு எண், சம்மாட்டியின் பெயர், படகில் இருந்தவர்கள் பெயர், இலங்கைக் கடற்படை பிடித்த தேதி, ஊர்காவற்றுறை நீதிமன்றமா மன்னாரா, அடுத்த வாய்தா எப்போது, மீன்துறை அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவின் நகல் யாரிடம் இருக்கிறது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். பெயர்களில் அந்தோனியும் இருந்தார், முனியசாமியும் இருந்தார், சீனி முகமதுவும் இருந்தார். ஆள் திரும்பி வந்துவிட்டால் அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்த வீடுகளில் மிகச் சிலரே அவருடைய சபைக்கு வந்தார்கள், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் அழுதுகொண்டு வந்து கதவைத் தட்டினால், யார் என்று கேட்பதற்கு முன் அவர் அந்த நோட்டைத்தான் எடுப்பார். அவருடைய ஆண்டறிக்கையில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அது ஊழியம் இல்லை என்று நினைக்கும் சங்கங்களின்மேல் எனக்குக் கோபம் உண்டு. மறுபுறம், நற்செய்தி சொல்லாமலிருப்பதற்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, கேட்டவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

கட்டடம் கட்டிமுடித்தால்தான் வேலை நிலைக்கும் என்று உங்களை யாரோ நெருக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தனுஷ்கோடிக்குப் போய் அந்தப் பவளக்கல் தேவாலயத்தின் சுவர்களைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும் இரயில் நிலையமும் போயின. பிழைத்த குடும்பங்கள் இராமேசுவரம் தீவிலும் அக்கரையிலும் போய்க் குடியேறின. ஜெபத்தையும் அவர்கள் கூடவே கொண்டுபோனார்கள். சுற்றுலா வருகிறவர்கள் படமெடுப்பது சுவர்களை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. திரும்பிப் போவது தோல்வி என்ற பயத்தை முதலில் கழற்றிவையுங்கள். பெர்கேயில் பாதி வழியில் விட்டுப்போன யோவான் மாற்குக்காகப் பவுலும் பர்னபாவும் பிரிகிற அளவுக்குச் சண்டை போட்டார்கள். அதே பவுல் பின்னாளில் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனை அழைத்துவா என்று எழுதினார். உங்களுடைய நிலை மாற்கினுடையதும் அல்ல. நீங்கள் ஆறாண்டு இருந்திருக்கிறீர்கள். என் அபிப்பிராயம், மருத்துவத்துக்காக நீங்கள் குடும்பத்தோடு ஓராண்டாவது மதுரைக்குப் போக வேண்டும் என்பது. அதை ஊழியத்தின் முடிவாக அறிவிக்காமல் விடுப்பாகக் கேளுங்கள். அந்த ஓராண்டில் மாதம் ஒருமுறை வந்து போங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தில் மீன்பாடு குறைந்து ஆட்கள் கரையில் இருக்கும் நாட்களில் இரண்டு மூன்று நாள் தங்கினால், இங்கேயே குடியிருந்தபோது கிடைக்காத பேச்சுகள்கூடக் கிடைக்கலாம். திரும்பி வருவீர்களா, வேறு இடம் காட்டப்படுமா என்பதை அந்த ஆண்டின் முடிவில் கேட்டுக்கொள்ளலாம்; இப்போதே சபதம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னும் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. கடையில் கடன் இருந்தால் போவதற்கு முன் தீருங்கள். முடியாவிட்டால் எப்போது தருவீர்கள் என்று கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். ஆராதனையை நடத்தக்கூடிய ஒருவரை அந்த நான்கு வீட்டாரே தெரிந்தெடுக்கட்டும். அவருக்கு எழுத்து சரளமாக வராது என்று தயங்காதீர்கள், அவருடைய மகள் பள்ளியில் படிக்கிறாள் என்றால் அவள் வாசிக்கட்டும், அவர் ஜெபிக்கட்டும். ஊர்த் தலைவரிடம் விடைபெறாமல் போகாதீர்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, உங்கள் மனைவி போக விரும்புகிறாரா, இருக்க விரும்புகிறாரா என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே வேதவசனம் எதையும் சொல்லாமல் கேளுங்கள். பிறகு நான்கு வீட்டாரிடமும் நீங்களே வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். சபைக் கமிட்டிக்கான கடிதம் அதற்கு அடுத்த நாள் தபாலில் போகட்டும்.